கெட்டுப்போகாத தீவு

குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும்போது முதலில் செருப்பைக் கவனிக்க வேண்டும், ஐயா. துணிமணியை எல்லோரும் கவனிப்பார்கள், செருப்பை ஒருவரும் நினைப்பதில்லை. முன்பொரு முறை பாதி வழியில் மாமியாரின் செருப்பு வார் அறுந்து, அருவி வரைக்கும் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து எல்லா ஏற்பாட்டையும் நானே செய்கிறேன்.

நான் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எங்கே நிற்கவேண்டும், எங்கே நிற்காமல் போகவேண்டும் என்று தீர்மானிப்பது என் பிழைப்பு. சுற்றுலாவும் என் தலையில் விழுவதில் எனக்குக் குறையில்லை. சொல்லப்போனால் பிடிக்கும்.

நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் என் மைத்துனனும் ஊர்சுற்றிதான். போகிற இடத்தையெல்லாம் கைப்பேசியில் படம்பிடித்து ஊர் உலகத்துக்குக் காட்டுவான். அந்த அருவியையும் காட்டினான். மறு வருடம் போனால், வண்டி நிறுத்தக் கட்டணம், காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி, யாரோ யாரையோ காதலித்த செய்தி பாறைமேல் பெயிண்டில். குளிக்க வரிசை வேறு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவனோ, "பாத்தீங்களா மாமா, என்னால எத்தனை பேருக்குப் பொழப்பு நடக்குது" என்று பூரித்துப்போனான்.

அதனால்தான் இந்தத் தடவை தீவுகள். கடைகள் உள்ள பெரிய தீவு ஒன்று. அதைத் தாண்டினால் சின்னச் சின்னதாக ஆளில்லாத தீவுகள். அதிலும் அந்தக் கடைசித் தீவு இருக்கிறதே, அடடா, சொல்ல வார்த்தை போதாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது, கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அந்தப் புண்ணியத்தில்தான் கெடாமல் இருக்கிறது.

"இந்த ஒரு தடவை உன் தம்பி வேண்டாமே" என்று மனைவியிடம் சொல்லிப்பார்த்தேன்.

"அவன் இல்லாம நானும் வரலைங்க. பாவம், மாமா மாமான்னு உங்களைத்தானே சுத்திச் சுத்தி வர்றான்" என்றாள்.

பெண்டாட்டி பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. கூட்டிப்போனேன்.

கடைசித் தீவில் அவனுக்கு வாயெல்லாம் பல். "மாமா, சொர்க்கம்! ஊருக்குப் போன கையோட போட்டுடறேன், அடுத்த லீவுக்கு இங்க நிக்க இடம் இருக்காது பாருங்க. இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வந்துடறேன்" என்று பாறைகளுக்குப் பின்னால் போனான்.

எங்களுக்கு இரண்டு படகுகள். பெண்களும் குழந்தைகளும் முதல் படகில் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் நானும் அவனும்தான். இங்கே படகோட்டிகள் தலையை எண்ணுவதில்லை. கூட்டிவந்தவரைக் கேட்பார்கள், அவர் சொன்னால் சரி. குடும்பத்துப் பெரியவர் சொன்னபிறகும் எண்ணிப்பார்த்துச் சந்தேகப்படுவது மரியாதை இல்லையாம். நல்ல வழக்கம்தான்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா?"

"வந்தாச்சு. மச்சான் முன்னாடி படகுல போய்ட்டான்."

கொஞ்ச தூரம் வந்ததும் அவன் கரைக்கு ஓடிவந்தான். படகோட்டியின் பார்வை முன்னால் இருந்தது, மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் இரண்டு கையையும் ஆட்டினான். நானும் ஆட்டினேன். அத்தனை வருடப் பழக்கம், பார்க்காத மாதிரி இருக்க முடியுமா?

பெரிய தீவில் மனைவி, "தம்பி எங்கேங்க?" என்றாள். இறங்கியதும் கடைத்தெருப் பக்கம் படம் எடுக்கப் போனான் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள். இப்போது அவள் எதையும் குடிப்பதில்லை, ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் மனசு கேட்கவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

அவனைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று நீங்கள் கேட்டபோது, பெரிய தீவைக் காட்டியது நான்தான். உங்கள் ஆட்கள், நாய்கள், நிருபர்கள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், எல்லாம் அங்கே திரிகிறது. திரியட்டும். அது ஏற்கெனவே நாறிப்போன இடம்.

ஆனால் நாளையிலிருந்து சின்னத் தீவுகளையும் ஒவ்வொன்றாகச் சல்லடை போட்டுத் தேடப்போகிறீர்களாமே. கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன். கடைசித் தீவுக்கு மட்டும் போங்கள், ஐயா. மற்றதாவது பிழைக்கட்டும்.