ஒட்டுப்போட்ட கம்பி

உயரம் தூக்கிய ஜீப்பைக் கண்டால் பள்ளிப் பிள்ளைகள் கை காட்டும், கவனித்திருக்கிறீர்களா சார்? சாதாரணக் காருக்கு யாரும் காட்டுவதில்லை. பெரிய டயர், முகப்பில் இரும்புச் சட்டம், கூரையில் விளக்கு வரிசை, இதெல்லாம் அவர்களுக்குப் பிடிக்கும். காட்டுப் பாதைக்கென்று செய்கிற வண்டி அது. ஆனால் காட்டுக்குப் போவதற்கும் சாலை வழியாகத்தானே போக வேண்டும். எங்கள் தொழிலின் சிக்கலே அதுதான்.

என் பெயர் ஹேமநாதன். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி என் பட்டறை இருக்கிறது. வண்டியை உயர்த்தித் தரச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோர் அனுமதியைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். சாலையில் சோதனை நடந்தால் தோட்டத்துக்குள் புகுந்து சுற்றிப் போவார்கள். குணாளன் மட்டும்தான் முதல் நாளே கேட்டான்.

"அண்ணே, எல்லாம் சட்டப்படி இருக்கணும் லா. ரூபினி ஏறுவா, பிள்ள ஏறும். ரோட்டுல நிறுத்துனாங்கன்னா நான் சிரிச்சிக்கிட்டே பேப்பர எடுத்துக் காட்டணும்."

தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தான். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதைத் தன் கையாலேயே கழுவித் துடைத்து என்னிடம் கொண்டுவந்தான். நல்லவன். நான் செய்து தருவதாகச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

வண்டியை உயர்த்தினால், ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி நீளம் பத்தாது. ஒரே துண்டாகச் செய்த நீளக் கம்பியை வாங்கி மாட்ட வேண்டும். அது தாய்லாந்திலிருந்து வர வேண்டியிருந்தது. அதுவரை சும்மா நிற்க வேண்டாமே என்று பழைய கம்பியை அறுத்து, நடுவில் ஒரு துண்டு வைத்து வெல்டிங்கில் ஒட்டினேன். தற்காலிகமாகத்தான். மற்ற வேலைகளை முடித்து, அனுமதி தரும் வாகனப் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அதிகாரி வண்டிக்கடியில் குனிந்து, அந்த ஒட்டின் மேல் விரலால் தட்டினார்.

"இனி தாக் போலே, போஸ்."

கூடாது என்றார். முழுக் கம்பி போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

என்னிடம் அதே வகை ஜீப் ஒன்று உண்டு. அதில் முழுக் கம்பிதான். அதைக் கழற்றிக் குணாளனின் வண்டியில் மாட்டி மறுபடி எடுத்துப் போனேன். தேறிவிட்டது. சாலையில் ஓட்ட அனுமதி வந்தது. ஆனால் அந்த வார இறுதியில் எனக்கு என் ஜீப் வேண்டியிருந்தது. நண்பர்களோடு எண்டாவ் பக்கம் காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கம்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒட்டுப்போட்டதை அவன் வண்டியில் மாட்டிக் கறுப்புச் சாயம் பூசினேன். புதிய கம்பி வந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

அனுமதி கிடைத்த அன்று அவன் கோயிலில் வண்டிக்கு அர்ச்சனை செய்தான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினான். அவன் மனைவி ரூபினி எனக்குப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள்.

புதிய கம்பி வந்தது, சார். வரவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. அது வந்த அன்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்து பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவசரப்பட்டார். அவருக்கு மாட்டிவிட்டேன். குணாளன் அவசரப்படுகிறவன் இல்லை.

பிறகு ஒரு நாள் அவன் வந்தான்.

"அண்ணே, ஸ்டீரிங் கையில லேசா ஆடுதுண்ணே. வளைவுல தெரியுது."

"பெரிய டயரு தம்பி. அப்படித்தான் இருக்கும். பழகிரும்."

ஆனாலும் நான் வண்டிக்கடியில் போய்ப் பார்த்தேன். ஒட்டின் ஓரத்தில் சாயம் வெடித்து, முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. நான் மல்லாந்து படுத்திருந்தேன். அவனுடைய கால்கள் எனக்குப் பக்கத்தில் நின்றன. பிள்ளையிடம் ஏதோ பாட்டுப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தான். அப்போது சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அனுமதியே வேறு கம்பிக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்து. அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோட்டின் மேல் கொஞ்சம் கிரீஸைத் தடவிவிட்டு வெளியே வந்தேன். "ஒண்ணுமில்ல, போயிட்டு வா" என்றேன்.

விபத்து காலையில் நடந்தது. குணாளன் இரவு வேலை முடித்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். எதிரில் வேலு தன் மகள் லோஷினியை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். வளைவில் ஜீப் நேராக எதிர்ப்பக்கம் போய்விட்டது. இருவரும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள்.

குணாளன் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். என்னிடம் இழுவை லோரி இருக்கிறது. நான் போனபோது அவன் சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, நான் திருப்பினேண்ணே, அது திரும்பல" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு வெள்ளைக் காலணி தனியாகக் கிடந்தது. பள்ளிப் பிள்ளைகள் போடுவது. அதை எடுத்து ஓரமாக வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜீப்பைப் போலீஸ் நிலைய வளாகத்துக்கு இழுத்து வரச் சொன்னார்கள். வழியில்தான் என் பட்டறை. லோரியை உள்ளே விட்டுக் கதவை இழுத்து மூடினேன். கம்பி அந்தக் கோட்டிலேயே இரண்டாக முறிந்திருந்தது. அதைக் கழற்றினேன். என் ஜீப்பிலிருந்த முழுக் கம்பியை எடுத்து, ஜாக்கியில் வைத்து வளைத்து, மண்ணும் எண்ணெயும் தேய்த்து மாட்டினேன். ஒரு போல்ட்டைக்கூடத் தவறவிடாமல் முறுக்கினேன். அதற்காகப் பிறகு நான் வெட்கப்பட்டிருக்கிறேன். பரிசோதனையில் தேறிய அதே கம்பிதான், சார். அந்த வகையில் வண்டி அனுமதிக்கு ஏற்றபடிதான் உங்கள் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது.

வண்டியில் குறையில்லை என்று முடிவானது. இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவன், காலை நேரம், வளைவில் திரும்பாமல் நேராகப் போன வண்டி. எல்லோரும் ஒன்றையே நினைத்தார்கள். ஜாமீனில் வெளியே வந்த குணாளன் நேரே என்னிடம் வந்தான். முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது.

"அண்ணே, வண்டி சரியாத்தான் இருந்துச்சாம். அப்ப நான் தூங்கிட்டேனா? எனக்குத் தெரியலண்ணே. திருப்பின மாதிரிதான் இருக்கு."

முறிந்த கம்பி அப்போது என் மேசைக்கடியில் ஒரு கோணிப்பைக்குள் இருந்தது. அவன் கால் அதில் பட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கலாம் தம்பி. அசதியில மனுசனுக்கு எதுவும் தெரியாது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதன் பிறகு அவன் 'திருப்பினேன்' என்று யாரிடமும் சொல்லவில்லை.

வேலுவின் மனைவி கஸ்தூரியைப் பார்க்க வேண்டும் என்றான். நான்தான் கூட்டிப்போனேன். வாசலில் அவள் காலில் விழுந்து, "அக்கா, நான் தூங்கிட்டேன்க்கா" என்றான். அவள் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இவர எழுப்பிக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றாள். கூட்டிக்கொண்டு வந்தேன். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கஸ்தூரியைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தக் கூடாது என்று அவனே முடிவு செய்தான். வழக்கறிஞர் தடுத்தும் கேட்கவில்லை. சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். போன தடவை சிறையில் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ரூபினி என் வண்டியில் ஏறவில்லை. கதவருகிலேயே நின்றாள்.

"அவரு தூங்குறதே இல்லண்ணே. சுவத்துல முதுக அடிச்சி அடிச்சி முழிச்சிருக்காராம். 'நான் தூங்கினா யாராச்சும் செத்துருவாங்க'ங்குறாரு. என்னையும் பிள்ளையையும் இனிமே வர வேணாங்குறாரு. நீங்க ஒரு தடவ சொல்லிப் பாருங்களேண்ணே. நீங்க சொன்னா கேப்பாரு."

உண்மைதான். நான் சொன்னால் கேட்பான்.

அந்தக் கோணிப்பையைத்தான் உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். இரண்டு துண்டுகளும் உள்ளே இருக்கின்றன. முறிந்த இடத்தில் பாதி துருப்பிடித்திருக்கும், பாதி வெள்ளையாக இருக்கும். துருப்பிடித்த பாதி, நான் பார்த்துவிட்டு மூடிய கோடு. தெரிந்தவர் யாரிடமாவது காட்டுங்கள், அவர் சொல்வார். வேலுவையும் அந்தப் பிள்ளையையும் கொன்றது நான். குணாளன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். கடைசி நொடி வரைக்கும் அவன் திருப்பிக்கொண்டுதான் இருந்தான்.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை காலைக்குள் என்னை விட்டுவிட முடியுமா? அன்று சிறையில் அவனைப் பார்க்கும் நாள். ரூபினிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பாவம். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சார்?