மூன்றல்ல, ஒன்று

கோட்டைச் சிறையில் கொடுக்கிற கஞ்சியில் உப்பு குறைவு. அதைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஐயா. ஒல்லாந்தர்கள் கறாரானவர்கள்தான், ஆனால் காவலுக்கு நிற்கிற சிப்பாய் நல்ல மாதிரி. நேற்று அவனுக்குத் தூண்டில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தேன்.

நீங்கள் வந்தது நல்லதாயிற்று. வெள்ளிக்கிழமை என்னைத் தூக்கில் போடுகிறார்கள். அதில் எனக்கு வழக்கு இல்லை. பிடிபட்ட அன்றே நடந்ததையெல்லாம் நானே அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் துபாஷியை வைத்து அவர்கள் வாசித்துக் காட்டிய குற்றத்தில் மூன்று கொலை என்று வருகிறது. அது தவறு. ஒன்றுதான். துரைமார்களுக்கு இது புரியாது. எனக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் நீங்கள், உங்களுக்குப் புரியும். நீங்கள் பாதிரியாரிடம் எடுத்துச் சொன்னால் அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்பு வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவேன். அதற்காகத்தான் எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கோட்டைக்குப்பத்தில் என்னைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. குடி கிடையாது. யார் வலையிலும் கை வைத்தது கிடையாது. அங்காளம்மாவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், அவளுக்கும் என்னைப் பிடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுடைய நைனா அவளைக் கண்ணப்பனுக்குக் கொடுத்துவிட்டார். கண்ணப்பன் என் கூட்டாளி, ஒரே தோணியில் போகிறவன். சாகப் போகிற நேரத்தில் பொய் எதற்கு, அவன் நல்லவன். அவளை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. அடித்திருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

நான் உங்கள் பாடத்துக்கு வர ஆரம்பித்தது கும்பினிப் படகில் வேலை கிடைக்கும் என்றுதான். அது உங்களுக்கும் தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தீர்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று என்னைக் கேலிகூடச் செய்தீர்கள். ஆனால் ஒரு நாள் நீங்கள் ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொன்னது என் மனதில் அப்படியே தைத்துவிட்டது. அந்தத் தண்ணீர் தலையில் விழுகிறபோது அதுவரை செய்த பாவமெல்லாம் போய்விடும் என்றீர்கள். எல்லாமுமா என்று கேட்டேன். எல்லாம்தான் என்றீர்கள். சின்னப் பாவத்துக்கும் பெரிய பாவத்துக்கும் ஒரே தண்ணீரா என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று எல்லார் முன்னாலும் என்னைத் தட்டிக்கொடுத்தீர்கள். மனந்திரும்புதல் என்று மறுநாளும் ஏதோ பாடம் இருந்ததாம். வலை காயப்போட வேண்டியிருந்ததால் அதற்கு நான் வரவில்லை.

உங்கள் மேல் பழி போடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். யோசித்தது நான்தான். அந்த வாரமே எனக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டேன்.

ஏரியில் அன்று எங்கள் பாடு. உள்ளூர்க்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, துரைமார் கேட்டால் சொல்வதற்காகச் சொல்கிறேன். ஏரியில் மீன் படுகிற இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவன் முறையன்று மற்றவன் அந்தப் பக்கம் தோணி விடமாட்டான். ஆகவே அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். வலை கட்டுவதற்குக் கழி நட வேண்டும். ஒருவன் மார்பளவு தண்ணீரில் நின்று கழியைப் பிடித்துக்கொள்வான், மற்றவன் தோணியில் நின்று கொட்டாப்புளியால், அதாவது மரச்சம்மட்டியால், அடித்துச் சேற்றில் இறக்குவான். எப்போதும் பிடிக்கிறவன் கண்ணப்பன். கழியைப் பிடிக்கிறவன் மேலே பார்ப்பதில்லை. அடிக்கிறவனை நம்பித்தான் பிடிக்கிறான்.

முதல் அடி சரியாக விழவில்லை. காதோடு போய் தோளில் பட்டது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடா தேசப்பா, கை வழுக்கிச்சா?" என்றான். அப்போதும் கழியை விடவில்லை. இரண்டாவது அடியில் மண்டை உள்ளே போயிற்று. மூன்றாவது தேவையில்லைதான், ஆனால் கண் திறந்திருந்தது, பாவமாக இருந்தது, அதனால் அடித்தேன். பிறகு தண்ணீரில் இறங்கி அவனைக் குப்புறப் போட்டு, கழியின் கூர்முனையை முதுகில் வைத்து அடித்து இறக்கினேன். உடம்பு மேலே வரக்கூடாது அல்லவா. எலும்பைத் தாண்டுகிறவரைதான் கஷ்டம், அதற்குக் கீழே நல்ல சேறு.

முகத்துவாரத்தில் குளிக்க இறங்கினான், நீரோட்டம் இழுத்துக்கொண்டது என்று ஊரில் சொன்னேன். எல்லாரும் கடலோரமாகத் தேடினார்கள். நானும் தேடினேன். அங்காளம்மா கரையில் உட்கார்ந்து மண்ணை வாரி வாரித் தலையில் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்கு உண்மையிலேயே மனது கஷ்டமாக இருந்தது. அந்த மாதம் அந்த வலையில் நண்டு நன்றாக விழுந்தது. தனி ஆளாக என்ன செய்வாள் என்று அவள் வீட்டுக்கும் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் குப்பன். பசியாவரத்துக் கிழவன், ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவன். ஒரு நாள் கரையில் என்னைப் பார்த்ததும், நான் ஒன்றும் கேட்காமலேயே, "நான் ஒண்ணியும் பாக்கலப்பா" என்றான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவன் எல்லாவற்றையும் பார்த்தவன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் ஞானஸ்நானம் இன்னும் ஆகவில்லை, தண்ணீர் ஒரே தண்ணீர். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நம் ஊரில் சொல்வார்கள்.

மறுநாள் காலை அவன் குனிந்து தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் போய்த் தலையைச் சேற்றில் அழுத்தி, பிடரியில் ஏறி நின்றேன். கிழவனுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. என் கெண்டைக்காலை நகத்தால் பிறாண்டி எடுத்துவிட்டான், தழும்பு இன்னும் இருக்கிறது. சும்மா நிற்பானேன் என்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பரீட்சை வைப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் குற்றங்களை மன்னியும் என்று வருகிற இடத்தில் எனக்கு எப்போதும் தடுமாறும். அன்று தடுமாறவில்லை. ஜெபம் முடிவதற்கு முன்னாலேயே அவன் அடங்கிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிலிப்பு என்று பேர் வைத்தார்கள். தண்ணீர் தலையில் விழுந்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன், நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அது நடிப்பில்லை, ஐயா. அவ்வளவு இலேசாக என் உடம்பு அதற்கு முன் இருந்ததில்லை. ஆக, கண்ணப்பனும் குப்பனும் அன்றோடு தீர்ந்தார்கள். தீர்ந்ததை மறுபடி எழுதுவது நியாயமில்லை.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் தாலி அறுத்தவளை எனக்குக் கட்டிக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். வேதக்கோயிலில் கட்டி வைப்பார்கள் என்று நான் அங்காளம்மாவிடம் சொன்னேன். வெகுநாள் கழித்துச் சரி என்றாள். அவளும் வேதத்துக்கு வர வேண்டும், ஞானஸ்நானம் ஆகிற அன்றே கல்யாணம் என்று முடிவாயிற்று. உங்கள் வீட்டிலேயே தங்கி உங்கள் வீட்டம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்துகொண்டு பாடம் படித்தாள். என்னைவிடச் சீக்கிரம் படித்தாள் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லி முடியாது. அவள் கோயில் வாசலைப் பெருக்குவதைப் பார்ப்பதற்காகவே சுற்றிக்கொண்டு போவேன்.

புருஷன் பெண்சாதிக்குள் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்று நீங்கள் ஒரு கல்யாணத்தில் பிரசங்கம் செய்தீர்கள். எனக்கு அது சரியாகப் பட்டது. கழுவப்பட்டதை மறைத்து வைப்பதில் என்ன அர்த்தம்? கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அவளிடம் போய் முழுக்கச் சொன்னேன். கொட்டாப்புளியைப் பற்றியும் சொன்னேன், கழியைப் பற்றியும் சொன்னேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்றும், இப்போது என்மேல் அந்தப் பாவம் துளிகூட இல்லை என்றும் விளக்கமாகச் சொன்னேன். கையில் இருந்த மீனைக் கீழே போடாமல் கேட்டாள்.

"நண்டு குடுத்தியே, அந்த வலையில வுழுந்ததா?" என்றாள்.

ஆமாம் என்றேன். எழுந்து போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து மிச்ச மீனையும் காயப்போட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு ஞானஸ்நானம். இப்போது வேண்டாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்கடுத்த தடவையும் தள்ளிப்போட்டாள். உங்களுக்கு அது சாதாரணமாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஞானஸ்நானத்தை ஒருவர் எதற்குத் தள்ளிப்போடுவார் என்று எனக்குத் தெரியாதா? முன்னால் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தால்தான் தள்ளிப்போடுவார்கள். அவள் சமைத்துக் கொடுத்ததைச் சாப்பிடுவதை நிறுத்தினேன். அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பதை நிறுத்தினேன். ஆனாலும் அவள்மேல் இருந்த ஆசை குறையவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு எனுக்குத் தண்ணி ஊத்துறாங்க. அதுக்கு முன்ன அந்தக் கழியாண்ட என்னை இட்டுகினு போ" என்றாள்.

நாளை ஞானஸ்நானம் என்றால், காரியம் இன்றைக்குத்தான். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கையில் ஒரு மூட்டை வைத்திருந்தாள். தோணியில் ஏறி உட்கார்ந்தபோது துணி விலகி, மீன் அரிகிற கத்தியின் பிடி வெளியே தெரிந்தது. கழி இருந்த இடத்துக்குப் போனதும் தோணியை நிறுத்தினேன். அவள் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் கழியைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மூட்டையை எடுக்கத் தோணிப் பக்கம் திரும்பினாள்.

நான் மேலே விழுந்து முடியைப் பிடித்து அமுக்கினேன். ஒரு தடவை திமிறி மேலே வந்தாள், நெற்றி தோணி விளிம்பில் மோதிக் கிழிந்தது. மறுபடி அமுக்கி, முழங்காலை மார்பில் கொடுத்து அழுத்திக்கொண்டேன். கால் உதைத்தது. தண்ணீர் கலங்கி, சிவந்து, மறுபடி தெளிந்தது. என் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்திருந்தாள், பிறாண்டவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல, ஐயா. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் அவள் கதி என்ன ஆகும் என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மற்றக் கையால் மூன்று முறை அவள் தலைமேல் தண்ணீர் வாரிவிட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று நீங்கள் சொல்கிற மாதிரியே சொன்னேன். மரியாள் என்று பேர் வைத்தேன்.

அதனால்தான் அவளைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வந்தேன். ஓடி ஒளிய நினைத்திருந்தால் எத்தனையோ தீவு இருக்கிறது. அவள் ஞானஸ்நானம் பெற்றவள், கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டுவிட்டீர்கள். பரவாயில்லை.

இதுதான் நான் ஒப்புக்கொள்கிற ஒன்று. என் ஞானஸ்நானத்துக்குப் பிறகு நடந்ததால் இது மட்டும் கழுவப்படாமல் நிற்கிறது. உயிருக்குப் பயந்து செய்தது என்பதையும் பாதிரியாரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் வந்ததும் சொன்னதை நான் காதில் வாங்காமல் இல்லை. மூட்டையைப் பிரித்ததில் புது வேட்டி ஒன்றும் ஓலைக்கூடை ஒன்றும் இருந்தன என்கிறீர்கள். கத்தி வலைக்கயிறு அறுக்க, கூடை எலும்பை அள்ள, வேட்டி அதை மூட. கண்ணப்பனை அடக்கம் செய்துவிட்டு மறுநாள் ஞானஸ்நானம் வாங்க நினைத்திருந்தாள் என்கிறீர்கள். இருக்கலாம். "ஒருத்தர மன்னிக்க வேண்டிக்கீது ஐயா, மனசு வரல, அது வர்ற வரிக்கும் தண்ணி வாணாம்" என்று ஒவ்வொரு தடவையும் உங்களிடம் சொல்லித்தான் தள்ளிப்போட்டாள் என்கிறீர்கள். சனிக்கிழமை காலையில் வந்து, "மன்னிச்சுட்டேன், நாளைக்கு ஊத்துங்க, கண்ணாலம் மட்டும் வாணாம்" என்றாளாம். அந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாம்.

அதைக் கேட்டால் நான் உடைந்து அழுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஐயா, சொல்லப்போனால் கொஞ்சம் கோபம்தான் வருகிறது. கண்ணப்பன் விஷயம் எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது, அதை அவர் எப்போதோ தீர்த்துவிட்டார். நடுவில் இவள் யார்? இத்தனை மாதம் மனதைப் போட்டு வருத்திக்கொண்டு மன்னிக்கிற அளவுக்கு, நான் அவளுக்கு என்ன செய்துவிட்டேன்?