முள் இறங்கிடுச்சு

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு என் முன்னால் இருந்தாக வேண்டும். பத்து நிமிடம் தள்ளிப்போனாலும் கை நடுங்கும். நட்டு போல்ட்டோடு மல்லுக்கட்டுகிற கைக்கு அது ஆகாது. இது என் தங்கைக்குத் தெரியும். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அவள், அவள் புருஷன், நான். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்ததால் அதில் பெரிய வருத்தமும் இல்லை.

மாப்பிள்ளை சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவர். தங்கமான மனுஷன். அவர்மேல் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் இந்த ஸ்டேஷனில் வந்து உட்காரவில்லை, சார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் அவருக்கு நிரந்தர லோடு கிடைக்கிற மாதிரி இருந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு லோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கிடைத்தால் அங்கேயே குடிபோய்விடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் என்னிடம் சொன்னார்கள். நல்லதுதானே என்றேன். தங்கை பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சட்டி மட்டும் வெளியே வைத்தாள்.

அந்த வாரம்தான் லாரி வெள்ளைப் புகை கக்கியது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால் தண்ணீர் குமிழ்குமிழாகக் கொப்பளித்தது. எஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கிற கேஸ்கெட் போயிருந்தது. ஹெட்டைக் கழற்றி, அடிப்பக்கத்தில் இரும்பு மட்டக்கோலை வைத்து, இடுக்கில் மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்தேன். நுழையக் கூடாத தகடு சுலபமாக நுழைந்தது. ஹெட் வளைந்திருந்தது. லேத்துக்கு அனுப்பி அதை மட்டமாக்காமல் எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் தாங்காது.

"எப்படி மச்சான் இருக்கு?" பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கேட்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு மாப்ள. அப்படியே ஏத்திரலாம்."

கேஸ்கெட் புதுசுதான், அதில் பொய் இல்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக, அளவு தவறாமல் முறுக்கினேன். அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நின்றார். மலையேற்றத்தில் வண்டி நிற்கும், லோடு தாமதமாகும், பேச்சு முறியும், பாத்திரங்கள் அலமாரிக்குத் திரும்பும். அப்போது நான் நினைத்தது அவ்வளவுதான்.

வளைந்த ஹெட்டை, விபத்துக்குப் பிறகு வண்டியைச் சோதித்த உங்கள் ஆய்வாளர் கண்டுபிடித்து, கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார். மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்: "நான்தான் அவசரப்பட்டு மூடியைத் திறந்துட்டேன். மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல." அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது வீட்டில் நான்தான் அவரைக் கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போகிறேன். கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "என்னால உங்களுக்கு எவ்வளவு சிரமம் மச்சான்" என்கிறார். எங்கேயாவது போய்ச் செத்துத் தொலையலாம் போலிருக்கிறது. அதனால்தான் நானாகவே வந்தேன்.

அன்றைக்குச் சரியாக ஒரு மணி. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலைப்பாதையிலிருந்து அவர் போன் செய்தார்.

"சூட்டு முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு மச்சான். ஓரங்கட்டப் போனேன், அதுக்குள்ள தானாவே இறங்கிடுச்சு. மூடியைத் திறந்து தண்ணி ஊத்தலாமா?"

இது உங்களுக்குப் புரிய வேண்டும், சார். கொதித்த எஞ்சின் அப்படிச் சட்டென்று ஆறாது. உள்ளே தண்ணீர் குறைந்துபோனால் சென்சார் தண்ணீரைத் தொடாது, அதனால் முள் இறங்கிவிடும். கொதிப்பும் அழுத்தமும் உள்ளே அப்படியே இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஆறிவிட்டது என்று தோன்றும். எனக்கு அது இருபது வருஷமாகத் தெரியும்.

ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். லோடு தாமதமாகியிருக்கும், நான் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் மாப்பிள்ளை கெட்டிக்காரர். கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு லோடு வாங்கிவிடுவார் என்று அந்த நேரம் பார்த்துத் தோன்றியது.

"முள்ளு இறங்கிட்டா பயமில்ல மாப்ள. திறங்க."

போனை வைத்தேன். "யாருண்ணே?" என்றாள் தங்கை.

"மாப்ளதான். வண்டி நல்லா ஓடுதாம்."

அவள் சந்தோஷமாகச் சிரித்து, இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் சாப்பிட்டேன். அங்கே கொதிதண்ணீர் அவர் முகத்தில் அடித்திருந்தது.

இனிமேல் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாத்திரங்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருஷம் என்றாலும் போகிறேன், எனக்கு அது வேண்டியதுதான். ஒரே ஒரு கவலைதான். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த இரண்டு பேரையும் யார் பார்த்துக்கொள்வார்கள், சார்?