ஜெமிமா வட்டிக்காரி இல்லை

என் பெயர் ஆவுடைத்தாய். வயது 41. கணவர் பெயர் பாண்டிச்செல்வம். வெம்பக்கோட்டை அணைக்குப் போகிற வழியில் காளியம்மன் கோவில் தெருவில் குடியிருக்கிறேன். பெண்கள் சேர்ந்து நடத்தும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பொறுப்பாக இருக்கிறேன். ஜெமிமா என்ற பெண் கந்துவட்டி கேட்டு மிரட்டுவதாக என் கணவர் கொடுத்த மனு சம்பந்தமாக, இன்று காவல் நிலையத்தில் சார்பு ஆய்வாளர் பிரீத்திகா அம்மா விசாரித்ததில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொல்வது என்னவென்றால்:

நான் முன்பு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தேன். பக்கத்து அறை வெடித்ததில் என் இடது கை தோள்பட்டை வரை வெந்துபோனது. அதன் பிறகு பல பேர் உதவிக்கு வந்தார்கள். அரிசி கொடுத்தார்கள், சேலை கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒரு சங்கத்தார் தையல் மிஷின் கொடுத்தார்கள். வெந்த கையை வைத்துக்கொண்டு நான் எங்கே தைக்க? அது இன்றைக்கும் வீட்டில் துணி போட்டு வைக்கத்தான் ஆகிறது. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள்.

அதன் பிறகு சாத்தூரைச் சேர்ந்த மேற்படி ஜெமிமா, தான் வேலை பார்க்கும் அறக்கட்டளை சார்பாக வந்தது. அதன் அம்மா நர்ஸ். எங்கள் தெருப் பெண்களை உட்காரவைத்து, "தர்மமா தரலக்கா, உங்க தொழில்ல முதல் போடுறோம். லாபம் வந்தா எங்களுக்கும் பங்கு, நட்டம் வந்தா எங்களுக்கும் நட்டம்" என்று சொன்னது. உலகம் பூராவும் பெரிய அறக்கட்டளைகள் இப்போது இப்படித்தான் செய்கின்றன, லாபத்தோடு சனத்துக்கு என்ன நல்லது நடந்தது என்றும் கணக்குப் பார்க்கின்றன என்றும் சொன்னது. நாங்கள் தலையை ஆட்டினோம். திருப்பித் தர வேண்டும் என்று அது சொன்னது வாஸ்தவம். ஆனால் வாங்குகிறவர்கள் கூச்சப்படாமல் வாங்கட்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டோம். பெரிய மனுசர்கள் அப்படிச் சொல்வது உண்டுதானே.

அறக்கட்டளை போட்ட பணத்தில் அட்டை வெட்டும் மிஷின் வாங்கி, வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்து, மிட்டாய்க் கடைகளுக்குப் பெட்டி செய்தோம். ஒரு மழையில் ஷெட் ஒழுகி, அடுக்கி வைத்த அட்டை அம்புட்டும் ஊறிப்போனது. ஜெமிமா ஓடிவந்தது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தார்ப்பாய் வாங்கி வந்து, கூரை மேல் ஏறி அதுவே கட்டியது. தார்ப்பாய் கொண்டுவந்த வட்டிக்காரனை இந்த ஜில்லாவில் யாராவது கண்டிருக்கிறீர்களா? சார்பு ஆய்வாளர் அம்மா இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் கம்பெனிக்கு லாபம் வந்தது. தர்மமாக வந்த பணத்தைக் கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தால் அவர்களுக்குப் புண்ணியம் தங்காது என்பது எங்கள் பக்கத்து எண்ணம். ஆகவே எல்லோரும் கூடிப் பேசி, அவர்கள் பங்கை எடுத்து, ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு நடந்து போகிற சனத்துக்குச் சாப்பாடு போட்டோம். அறக்கட்டளை பெயரையும் ஜெமிமா படத்தையும் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் போட்டு பிளக்ஸ் வைத்தோம். அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறது என்பது ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

ஜெமிமா பிளக்ஸைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. பிறகு சிரித்தது. சாம்பார் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டது. அதன் பிறகு எங்களைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, இது என் பணமும் இல்ல, உங்க பணமும் இல்ல. உங்களுக்கு வந்ததே ஏதோ ஒரு தேசத்துல கோழி வளக்குற பொம்பளைக திருப்பிக் கட்டுன பணம். நீங்க கட்டுனா, அடுத்து தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற பொம்பளைகளுக்குப் போகும்" என்று சொன்னது. எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. முகம் தெரியாத அந்த மகராசிகள் திருப்பிக் கட்டாமல் இருந்திருந்தால் நான் இந்தக் கையோடு மறுபடியும் மருந்து அள்ளத்தான் போயிருப்பேன். அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் நல்லா இருக்கணும். தீபாவளி ஆர்டர் முடிந்ததும் கட்டிவிடுகிறோம் என்று சொன்னோம். ஜெமிமாவும் சரி என்றது.

அதன் பிறகு ஜெமிமா அடிக்கடி கம்பெனிக்கு வந்தது. காலையில் எல்லோரும் வந்த பிறகும் மிஷின் ஓடாமல் கிடப்பதைப் பார்த்து, கரண்ட் இல்லையா என்று கேட்டது. காரணத்தை நான் சொன்னேன். என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். மருந்து கலக்குவது காலையில்தான். எங்களில் பல பேர் வீட்டு ஆண்களுக்கு அதே வேலை. கலவை முடிகிற நேரம் வரை நாங்கள் மிஷினை ஓட்டுவது இல்லை. வீட்டில் மிக்ஸிகூடப் போடுவது இல்லை. மிஷின் ஓடினால் வெளியே வெடிச் சத்தம் கேட்டால்கூடத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அது என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கணவரைப் பற்றிக் கேட்டது. அண்ணன் எத்தனை மணிக்குப் போறாக, எப்ப வருவாக, இன்னும் அந்த வேலைதானா என்று கேட்கும். கம்பெனியில் லோடு ஏற்ற ஆள் வேண்டும், வாங்க என்று நானும் அவரைப் பல தடவை கூப்பிட்டிருக்கிறேன். பொம்பளைக கம்பெனியில் கூலிக்கு நிக்கவா என்று முறைத்துக்கொண்டு போய்விடுவார்.

என் கணவரின் அண்ணன் கந்துவட்டிக்குப் பயந்து குடும்பத்தோடு திருப்பூருக்கு ஓடிப்போனவர். அவர் வீட்டுக்கு வந்த வட்டிக்காரன் ஆட்களும் இதே கேள்விகளைத்தான் முதலில் கேட்டார்கள். ஆகவே என் கணவர் கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டு, கட்ட வேண்டிய பணத்தைப் பற்றி நாங்கள் பேசியதையும் கேட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனு எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். ஆகையால் பொய் மனு என்று அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மனு முடியும்வரை ஜெமிமா எந்த ஊருக்கும் வேலைக்குப் போகக் கூடாது என்று அதன் ஆபீஸில் நிறுத்திவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்குப் போட வேண்டிய முதலும் நிற்கிறது. காலையிலிருந்து அந்தப் பிள்ளை ஸ்டேஷன் பெஞ்சில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறது. அது யாரையும் மிரட்டவில்லை. வட்டி கேட்கவில்லை. அந்தப் பிள்ளை மேல் ஒரு சொல்கூட நிற்கக் கூடாது.

சார்பு ஆய்வாளர் அம்மா ஜெமிமாவைக் கூப்பிட்டு, மனுதாரர் வேலைக்குப் போகிற நேரத்தை ஏன் கேட்டாய் என்று என் கணவரை வைத்துக்கொண்டே விசாரித்தார்கள். அதற்கு ஜெமிமா, "அக்கா மிஷினை எப்ப பயமில்லாம ஓட்டுவாகன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன் மேடம்" என்று சொன்னது. அவர் மருந்து கலக்கி முடிக்கும்வரை மிஷின் ஓடாமல் கிடக்கும் விவரம் என் கணவருக்கு அதுவரை தெரியாது. நான் சொன்னதும் இல்லை. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதன் பிறகு மனுவை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னிடம், "நாளைக்கு லோடு எத்தன மணிக்கு? நான் வாரேன். நீ காலையிலேயே மிஷினப் போடு" என்று சொன்னார்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்) பா. ஆவுடைத்தாய்