மச்சானின் மஞ்சள் கார்

ஐயா, கார் என்றால் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்க வேண்டும் என்பது என்னுடைய எளிய அபிப்பிராயம். எங்கள் கல்லடி ஊர்த் தெருக்களில் ஆடு படுத்திருக்கும், தென்னம்மட்டை விழுந்து கிடக்கும், மழை பெய்தால் குழி எது தெரு எது என்று தெரியாது. இவற்றைத் தாண்டத் தெரியாத வாகனம், என்ன விலையானாலும், ஒரு அலங்காரப் பொருள்தான். இதை நான் என் மச்சான் சதீசிடம் சொன்னேன்.

"நீ பஸ்ஸுக்குக் கீழயே படுத்துக் கிட மச்சான். உனக்கு இதெல்லாம் விளங்காது" என்று சிரித்தான்.

சதீஸ் என் தங்கை டினுஷாவின் புருசன். வாவி நண்டை வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றி முன்னுக்கு வந்தவன். நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் பஸ் திருத்தும் கராஜுக்குக் கூரை போட்டுத் தந்தது அவன்தான். நான் கேட்கவில்லை. போட்டுத் தந்துவிட்டு, மாதா கோயில் திருவிழாவில் ஊருக்கு முன்னால் என் தோளில் தட்டி, "யோசேப் மச்சானுக்கு இனி மழைக்குப் பயமில்ல" என்றான். எல்லோரும் என்னை அன்பாகத்தான் பார்த்தார்கள். அந்த அன்பு எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை.

அந்தக் காரை அவன் போனில்தான் முதலில் கண்டான். இணையத்தில் ஏலம். இத்தாலிய வண்டி, மஞ்சள் நிறம், கதவுகள் மேலே திறக்கும். அந்தி வெளிச்சத்தில் படம் எடுத்திருந்தார்கள். அந்தி வெளிச்சத்தில் நானும் அழகன்தான். 'மிகக் குறைவாக ஓடியது, உள்ளபடியே விற்கப்படும், திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று கீழே போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் மடியில் போனை ஒளித்து வைத்துக்கொண்டு விலை கேட்டான். எல்லோரும் முழந்தாளிட, இவன் மட்டும் "ஐயோ, கூட்டிட்டான்" என்று முனகினான். எதிரில் விலையை ஏற்றியது யாரென்று எவருக்கும் தெரியாது. விற்பவனுடைய மச்சானாகவும் இருக்கலாம். மச்சான்மாரை இந்த விசயங்களில் நம்பக் கூடாது.

ஆனால் சதீஸ் என்னை நம்பினான். ஏலம் முடிய முன்னர் கொழும்புக்குப் போய் வண்டியைப் பார்த்துவரச் சொன்னான். போனேன். அங்கே நின்ற ஆள் எனக்குத் தேநீர் தந்தான், காருக்குள் வாசனைத் திரவியம் அடித்தான். இரண்டையும் கொஞ்சம் அதிகமாகவே செய்தான். அவன் தொலைபேசியோடு வெளியே போன நேரம் நான் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் காய்ந்த வெள்ளச் சேறு. இருக்கை ஆணிகளில் துரு. முன்விளக்குக் கண்ணாடிக்குள் நீர்த்துளி. மிகக் குறைவாக ஓடியது என்பதில் பொய்யில்லை, வெள்ளத்துக்குள் மூழ்கி நின்ற வண்டி எங்கே ஓடும்? பிரேக் குழாயைத் தடவினேன். துரு பொருக்காக விரலோடு வந்தது.

சதீஸ் போன் எடுத்தான். "எப்பிடி மச்சான்?"

"தங்கம்" என்றேன்.

தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம். அவன் நடுத்தெருவில் நின்றுபோன வண்டியைத் தள்ளுவதை ஊர் ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பெருமை ஒரு நோய். அதற்கு ஒரு சின்ன மருந்து.

வண்டி லொறியில் வந்து இறங்கிய நாள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. எங்கள் ஒழுங்கை முனை மதகில் வயிறு தட்டி நின்றுவிட்டது. முன்சில்லும் பின்சில்லும் ஊருக்குச் சொந்தம், நடு வயிறு மதகுக்குச் சொந்தம். பலகை கொண்டுவந்தார்கள், ஆட்கள் சேர்ந்து தூக்கினார்கள். பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை அக்கா, "இதுக்கு ஒரு பல்லக்கு வாங்கியிருக்கலாமே தம்பி, தூக்கவாவது சுகம்" என்றார். தெருவே சிரித்தது.

சிக்கல் என்னவென்றால், சதீசும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தான். தூக்கியவர்களுக்கெல்லாம் சோடா வாங்கிக் கொடுத்தான். மாலைக்குள் ஊருக்கே அவன்மேல் இன்னும் பிரியம் கூடிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை.

மறுநாள் வண்டியை என் கராஜில் விட்டான், அவன் போட்டுத் தந்த கூரைக்குக் கீழே. பிரேக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. மிதித்தால் பெடல் தரைவரை போனது. புதுக் குழாய் போடுவது எனக்குப் பெரிய வேலையல்ல. நான் கசிவைத் துடைத்தேன். பிரேக் ஒயிலை நிரப்பினேன். குழாய்க்குள் இருந்த காற்றை எடுத்தேன். பெடல் கல்லுப்போல் எழும்பி நின்றது. மெதுவாகப் போனால் கொஞ்ச நேரம் தாங்கும். மெதுவாகப் போக அந்தக் காரை யாரும் வாங்குவதில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

"பிரேக் பார்த்தியா மச்சான்?" என்று கேட்டான்.

"பார்த்தன்." பார்த்தது உண்மை.

அவன் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது டினுஷா வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தாள்.

"அண்ணா, உள்ளுக்க என்னவோ சேத்து மணம் மணக்குது. நான் ஏறட்டா?"

சதீஸ் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தான். ஏறாதே என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் கொழும்பில் கண்டதிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டிவரும். நீங்களும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பீர்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை.

"ஏறு புள்ள" என்றேன். கதவை நானே மூடிவிட்டேன்.

வாவிக்கரை வளைவில் பிரேக் போய், வண்டி திரும்பவில்லை. நேரே தண்ணீருக்குள் போனது. தோணிக்காரர்கள் பாய்ந்து சதீசைக் கண்ணாடி உடைத்து இழுத்தார்கள். அவள் பக்கம் சேற்றுக்குள் சரிந்திருந்தது. அந்தக் கதவு மின்சாரத்தில் திறப்பது. வெள்ளத்தில் கிடந்த வண்டியின் மின்சாரத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளை எடுத்தபோது சேலை கலையாமல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சதீஸ் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "நான்தான் கொன்டுட்டன் மச்சான். என்ட ஆசைதான் அவளக் கொன்டது." நான் அவன் முதுகைத் தடவிவிட்டேன். விதி என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. அடக்க வீட்டிலும் அதையே சொன்னான், சேமக்காலையில் குழியடியிலும் அதையே சொன்னான். கல்குடாவிலிருந்து நண்டு பிடிப்பவர்கள் வந்தார்கள், புளியந்தீவிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். எல்லோரும் அவனைத்தான் கட்டிப்பிடித்தார்கள். சுவாமியார் அவன் பக்கத்திலேயே இருந்தார். அவள் என் கூடப்பிறந்தவள். என்னிடம் வந்து, தள்ளி நில்லுங்கள், அவருக்குக் காற்றுப் படட்டும் என்றார்கள்.

நீங்கள் இதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள் என்று அறிந்தேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அப்படியிருந்தும் நானாகவே வந்திருக்கிறேன், அதை நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். துருவைக் கண்டவன் நான். தங்கம் என்று சொன்னவன் நான். ஒயிலை நிரப்பிக் கதவை மூடியவனும் நான். எல்லாம் என் கைவேலை. அதையும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு அவன் ஊர்முழுக்கத் திரிவதை எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருப்பது, ஐயா? நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.