கடைசிப் பக்கம்

— அடிக்கணும்க்கா. உன் நாவல்ல அவ மணியை அடிச்சே ஆகணும். அவ்வளவு தூரம் வந்து, தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னுட்டு, மணியை அடிக்காம திரும்பிப் போறான்னு முடிச்சா, படிக்கறவங்க புத்தகத்தைத் தூக்கி எறிவாங்க.

— எறியட்டும் குட்டி. யாரோட மூக்குக்கண்ணாடி மேலயாவது விழுந்து உடையும். என் கடைக்குத்தானே வரணும்.

— உன் கண்ணாடிக் கடை ஜோக்கெல்லாம் அப்புறம். சாயங்காலத்துக்குள்ள புத்தகத்தோட கடைசி ஃபைலை ஏத்தணும், ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் அந்தப் புத்தகம் விக்கற இணையதளத்துல பூட்டிடுவாங்க. முன்பதிவு பண்ணினவங்களுக்கு எது இருக்கோ அதுதான் போகும்.

— இரு இரு. யாரோ வர்றாங்க... இல்ல, பக்கத்துக் கடைக்கு. சொல்லு, வேற என்ன திருத்தம்?

— மெல்ல.

— ஏன், மெல்லச் சொல்லணுமா?

— 'மெல்ல'ங்கற வார்த்தைதான் திருத்தம். உன் கதையில எல்லாரும் எல்லாத்தையும் மெல்லவே செய்யறாங்க. மெல்ல எழுந்தாள், மெல்லச் சிரித்தாள். ஒரு இடத்துல லாரிகூட மெல்ல வந்து மோதுது. பாதியை அடிச்சிட்டேன்.

— அது என் நடைடி.

— நடை இல்லக்கா, தவழல்.

— மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வைக்கிற சீட்டுக்குப் பிழை திருத்தறவ நீ. என் நாவலுக்கு நடை சொல்லித் தர வந்துட்டியா?

— அந்தச் சீட்டுல ஒரு வார்த்தை தப்பாப் போனா ஆளே போயிடுவான். உன் நாவல்ல தப்பாப் போனா கொட்டாவிதான் வரும். அதனால உனக்குச் சலுகை கொடுத்துதான் திருத்தறேன். அப்புறம், அத்தான் வரைஞ்ச அட்டை அருமையா வந்திருக்கு. அந்தக் காலி நாற்காலி ரெண்டும், நடுவுல மேஜையும். பின்னட்டையில இருக்கற உன் படம்தான் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு.

— பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுதான். வேற நல்ல படம் ஏது? எல்லாப் படத்துலயும் உன் அத்தானோட விரல் பாதி மறைச்சிருக்கும்.

— சரி, விஷயத்துக்கு வா. நான் ஒரு முடிவு எழுதிக்கிட்டு வந்திருக்கேன். படிக்கவா?

— எழுதிக்கிட்டே வந்துட்டியா? படி, படி.

— 'மணியை அழுத்தினாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அக்கா என்றாள் தங்கை. முற்றும்.'

— அப்புறம் பின்னாடி வயலின் வாசிக்கணுமா?

— கிண்டல் பண்ணாதே. அந்தப் பதிப்பகத்துக்காரர் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்? 'நல்லா எழுதறீங்கம்மா, ஆனா சம்பவம் கம்மி'ன்னுதானே? மணி அடிச்சா ஒரு சம்பவமாவது இருக்கும்.

— அவர் பேச்சைக் கேக்கறதா இருந்தா நாம எதுக்கு இவ்வளவு பாடுபடறோம்? பக்கம் பிரிச்சு, எழுத்துரு தேடி, ஓரம் விட்டு, விலை போட்டு, வியாபாரம் இல்லாத நேரமெல்லாம் இந்தக் கல்லாவுல குனிஞ்சு உக்காந்து எனக்கு முதுகே போச்சு. எதுக்கு? என் கதை என் இஷ்டத்துக்கு முடியணும்னுதானே.

— இஷ்டம்னு சொல்லாதே, பிடிவாதம்னு சொல்லு. இது வெறும் கதைன்னா நான் எப்பவோ விட்டிருப்பேன். இது நம்ம அம்மாவும் சித்தியும். பேரை மாத்தி, அம்மாவை பேக்கரியில வேலைக்குச் சேத்துவிட்டா எனக்குத் தெரியாமப் போயிடுமா? தாத்தா வீட்டை விக்கறதுல அக்கா தங்கச்சிக்குச் சண்டை, அதுலேர்ந்து முகத்துல முழிக்கறதில்ல. உன் முதல் அத்தியாயமே நம்ம குடும்பம்தான்.

— உனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா?

— அப்போ ஏன்க்கா? நிஜத்துலதான் சேரலை. ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்துக்கிட்டு, கடைவீதியில எதிரும் புதிருமா வந்தா ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கறாங்க. கதையிலயாவது சேத்து வையேன். உன் கையிலதானே இருக்கு? ஒரு விரலைத் தூக்கி மணி மேல வைக்க உனக்கென்ன வலிக்குதா?

— வலிக்குது.

— என்னது?

— இரு இரு. இந்த ப்ரேமைத் துடைச்சு வெச்சுட்டு வரேன்.

— அதை அப்பவே துடைச்சிட்டே. துணியைக் கீழ வை. சொல்லு.

— நீ அப்போ கைக்குழந்தை. உன்னை அப்பாகிட்ட விட்டுட்டு அம்மா என்னைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினா. எங்கேன்னு சொல்லலை. தலையைத் திரும்பத் திரும்ப வாரிக்கிட்டா. எனக்கும் புது ஷூ போட்டுவிட்டா. பாத்தா, சித்தி வீட்டு வாசல்.

— அம்மாவா? சித்தி வீட்டுக்கா போனா?

— படியேறி நின்னோம். அம்மா கையைத் தூக்கினா. மணிகிட்ட வரைக்கும் போச்சு அந்தக் கை. இன்னொரு கையில நான். அது வேர்த்து வேர்த்து, என் கை வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. உள்ள ரேடியோ பாடற சத்தம் கேக்குது. அம்மா நிக்கறா, நிக்கறா, நின்னுக்கிட்டே இருக்கா. அப்புறம் கையை இறக்கிட்டு 'வா, போலாம்'னா. அவ்வளவுதான். வழியில எனக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தா. நான் கேக்கவே இல்ல.

— பலூனா?

— சிவப்பு பலூன். அந்தக் கை இறங்கினதை எழுதணும்னுதான் நான் எழுதவே உக்காந்தேன் குட்டி. அதைப் போய் மணி அடிக்க வெச்சா, நான் பாத்ததைப் பாக்கலைன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

— இதை ஏன் இத்தனை நாளா என்கிட்ட சொல்லலை?

— அம்மாவே யார்கிட்டயும் சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? கதைன்னு ஒரு போர்வை கிடைச்சுது. அதுக்குள்ள புகுந்துக்கிட்டேன்.

— என்னை அழ வெச்சுட்டே. டிஷ்யூ இருக்கா?

— கண்ணாடி துடைக்கற துணிதான் இருக்கு. தைரியமா துடைச்சுக்கோ, கீறல் விழாது.

— சரி, நான் தோத்துட்டேன். கையை இறக்கட்டும். ஆனா ஒண்ணு. 'கனத்த மனதுடன் மெல்லத் திரும்பினாள்'னு முடிச்சிருக்கியே, அந்தக் கனத்த மனசையும் மெல்லவையும் அடிச்சிடறேன். வெறும் 'திரும்பினாள்' போதும்.

— 'திரும்பினாள்.' ஆமாடி. இப்பதான் அவ நிஜமாத் திரும்பற மாதிரி இருக்கு. பலூனைச் சேக்கலாமா?

— கண்டிப்பா. ஆனா எதுக்கு வாங்கிக் கொடுத்தான்னு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்காதே.

— 'வழியில் பெண்ணுக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தாள், அவள் கேட்காமலே.'

— முற்றுப்புள்ளி. இனிமே ஒரு எழுத்துகூட வேண்டாம். ரொம்ப நல்லா இருக்குக்கா.

— நீயா சொல்றே? இரு, இன்னொரு தடவை சொல்லு. கடைக்கு வெளிய போர்டு எழுதி மாட்டிடறேன்.

— ரொம்பத் துள்ளாதே. சரிபாக்கறதுக்கு அச்சாகி வந்த பிரதியை எடு. ஓரமெல்லாம் சரியா விழுந்திருக்கான்னு கடைசியா பாத்துட்டு ஏத்திடலாம்.

— அது உன்கிட்டதானே இருக்கு?

— என்கிட்ட எங்க... ஐயோ. நேத்து சோபாவுல படுத்துக்கிட்டே படிச்சேன். காலையில இங்க ஓடி வர்ற அவசரத்துல அங்கேயே விட்டுட்டேன்.

— வீட்லயா? அம்மா இருக்கற வீட்லயா? பேக்கரியில திருட்டுப் போற கதைன்னுல்ல நான் அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்!

— அம்மா என்னைக்கு நீ எழுதினதைப் படிச்சிருக்கா? கதைன்னாலே எழுந்து போயிடுவா.

— ஆமா, ஆனா தனியா இருக்கறப்போ என்ன பண்ணுவாளோ. போன் போடு.

— போட்டுட்டேன். அடிக்குது, எடுக்கலை.

— மறுபடி போடு.

— இப்பவும் எடுக்கலைக்கா.

— படிச்சுட்டா. நிச்சயமா படிச்சுட்டா. தான் வாசல்ல நின்னு திரும்பினதை ஊருக்கெல்லாம் சொல்லப் போறேன்னு மனசு விட்டுப் போயிருக்கும். எடுத்துடு குட்டி. முன்பதிவெல்லாம் ரத்துப் பண்ணிடு. எனக்குப் புத்தகமே வேண்டாம்.

— பதறாதே. இதோ, அவளே கூப்பிடறா. ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ, அம்மா?

— ஏண்டி சின்னவளே, மூச்சுவிட விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கே? பெரியவளும் அங்கதான் இருக்காளா?

— இருக்கேம்மா. அம்மா, அந்தப் புத்தகம்...

— அது கெடக்கு. படிச்சேன். எழுத்து ஏன் இவ்வளவு பொடிசா இருக்கு? கண்ணாடிக் கடை வெச்சுக்கிட்டு நீயே ஆள் பிடிக்கிறியா?

— கோவமாம்மா?

— கோவமெல்லாம் இல்லடி. உனக்கு அது ஞாபகம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. பலூனைப் பிடிச்சுக்கிட்டு குதிச்சுக்கிட்டே வந்தே. குழந்தைக்கு ஒண்ணும் புரியலைன்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன்.

— புரிஞ்சுதும்மா.

— தெரியுது. கடைசிப் பக்கத்தை முடிச்சதும் அந்தப் பொம்பளை மேல எனக்கு அப்படி எரிச்சல் வந்துச்சு. அவ்வளவு தூரம் வந்தியே, மணியை அடிச்சா உன் தலையில இருக்கற கிரீடமா விழுந்துடும்னு கேக்கணும் போல இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது, நான் யாரைக் கேக்கறேன்னு. புத்தகத்தைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

— கிளம்பி எங்கம்மா போனே?

— எங்க போவேன்? உங்க சித்தி வீட்லேர்ந்துதான் பேசறேன்.

— ஐயோ அம்மா! மணியை அடிச்சியா?

— எங்க அடிக்க விட்டா? நான் படியில கால் வைக்கறதுக்குள்ள கதவைத் திறந்துக்கிட்டு வந்து நின்னா. அன்னிக்கும் ஜன்னல் ஓரத்துல நின்னு எங்களைப் பாத்துக்கிட்டேதான் இருந்தாளாம். அவ அடிக்கட்டும், அப்புறம் திறக்கலாம்னு நின்னாளாம். இந்தத் தடவையும் அப்படி நின்னா நீ ஓடிடுவேன்னு பயந்து வந்துட்டேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. இவ அழறாளா சிரிக்கறாளான்னே தெரியலை.

— அம்மா, இங்க அக்கா அழுதுக்கிட்டு இருக்கா.

— உன் மூக்கு உறிஞ்சற சத்தமும்தான் கேக்குது. சரி, அது கெடக்கு. புத்தகத்தை வெளியிட்டுட்டீங்களா?

— இன்னும் இல்லம்மா. சாயங்காலம்தான்.

— நிறுத்தி வைங்க.

— ஏம்மா? மணி அடிக்கற மாதிரி மாத்தணுமா?

— உன் கதைக்கு முடிவு சொல்ல நான் யாரு? அது உன் இஷ்டம். ஆனா இவ இப்பதான் முதல் அத்தியாயத்தைப் படிச்சுட்டு என் தோள்ல ஒண்ணு வெச்சா. தாத்தா வீட்டுக்காக நாங்க சண்டை போட்டோம்னு உங்களுக்கு யாருடி சொன்னது?

— எல்லாரும் அப்படித்தானேம்மா சொல்லுவாங்க?

— அந்த ஓட்டை வீடு யாருக்கு வேணும்? அந்தக் காலத்துல ராப்பகலா உக்காந்து நான் ஒரு கதை எழுதினேன்டி. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இவ அதோட முடிவை மாத்தி பத்திரிகைக்கு அனுப்பிட்டா. அதுக்குத்தான் சண்டை!