சக்கைக்குத் தூக்கின கை

இல்ல ஏமானே, நான் பொய்யா சொல்லுதேன்? தமிழ் தாலுக்கா தமிழ்நாட்டோட சேரணும்ணு ஊர்வலம் போயி காலுல அடிபட்ட ரெத்தினதாஸ் இந்தப் பக்கமே வரல்ல. வீட்டத் தேடணும்ணா தேடுங்க, தடுக்க நான் யாரு? ஆனா அந்த மரச்சீனிக் கெழங்கத் தின்னுட்டுத் தேடுங்க. பாறசாலை ஸ்டேஷன்லேருந்து வெயிலுல நடந்து வந்த போலீசாக்கும் நீங்க. என் பெண்டாட்டி ஞானபாயா? பொறத்தால வெறகு பெறக்குதா.

ஒரு சம்சயம் ஏமானே. அவனப் பிடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்கா? ஓ, மொதல்ல ஸ்டேஷனா. அதுவரை ரெத்தம் நிக்கல்லண்ணா? அது இன்ஸ்பெக்டரு தீருமானிப்பாரா. செரி, சட்டம்லா.

நான் ஊழியக்காரனாண்ணா கேக்கிய? சொவத்துல வேத வசனத்தப் பாத்துட்டுக் கேக்கிய போல. அது ஒரு கதையாக்கும். எங்க சபையில ஆராதன முடிஞ்சா, காணிக்கையா வந்த வாழக்கொல, கோழி, பலாச்சக்க எல்லாத்தையும் ஏலம் போடுவாவ. ஒரு ஞாயிறு அம்பூரியிலேருந்து ஒரு சக்க வந்துது பாருங்க, நாலு பேரு கம்புல கெட்டிச் சொமந்தாவ. வாசல்ல நொழயாம கோயில் கதவக் கழத்தினாவ. சிரிக்காதீங்க, கதவு இப்பவும் ஆடும். அந்தச் சக்கைய எடுத்தே தீரணும்ணு இருந்தவன், பிரசங்கம் நீளவும் ஒறங்கிட்டேன். முழிச்சா, போதகரு கையத் தூக்குங்கண்ணு சொல்லுதாரு. ஏலம்ணு நெனச்சி ரெண்டு கையும் தூக்கினேன். அவரு கேட்டது, அடுத்தவங்களுக்கு ஊழியம் செய்ய ஆண்டவரு அழைக்குத ஆளு யாருண்ணாக்கும்! சபையே ஸ்தோத்திரம் சொல்லிச்சு. பெண்டுவ அழுதாவ. ஏலத்துல சக்க அடுத்த பெஞ்சு ராஜையாவுக்குப் போச்சு.

ஞானபாய் விடல்ல. ஆண்டவருக்குத் தூக்கின கையத் தாழ்த்தப்பிடாதுண்ணுட்டா. உபதேசியாருக்குப் படிக்கப் போனேன். நோவாவுக்க பேழைய நம்ம ஊரு நெய்யாத்துல எறக்கிப் பிரசங்கிச்சேன், வெரட்டிட்டாவ. ஆஸ்பத்திரியில வேலைக்கு நிண்ணேன். ஊசியக் கண்டு மயங்கி நோயாளிக்க மேல விழுந்தேன், அவரு எழும்பி எனக்குக் கட்டிலு தந்தாரு. கடைசியில போதகரு சொன்னாரு: எலியா, மூடாத வாயி ஒண்ணுதான் உனக்கு உண்டு. அதுக்கும் ஆண்டவரு ஒரு வேல வச்சிருப்பாரு, காத்திரு.

காத்திருந்தேன் ஏமானே, தல நரைச்சிப் போச்சு. எனக்கு என்ன வேலண்ணு முழங்கால்ல நிண்ணு கேட்டதுண்டு. அத மட்டும் நான் கூட்டிச் சொல்லல்ல.

எழும்பியாச்சா? செம்புல வெள்ளம் இருக்கு, கையக் கழுவுங்க. படுக்குத முறி, அடுக்கள எல்லாம் நல்லாப் பாருங்க. பொறத்து வாசலு தொறந்துதான் கெடக்கும். ஞானபாயும் பக்கத்து வீட்டுப் பரமசிவனும் ரெத்தினதாஸ் பயலக் கட்டிலோட தூக்கிட்டு எறங்கினது, நீங்க மொத துண்டு மரச்சீனிய வாயில வச்சப்பளாக்கும். இப்ப டாக்டரு தையலு போட்டுட்டிருப்பாரு. இந்த வாயிக்குப் போதகரு சொன்ன வேல இண்ணு உங்க கூடயே படியேறி வந்துட்டுது, நான் என்ன செய்ய?

வெலங்கா? இந்தாங்க, ரெண்டு கையும். வாயிக்குப் போட ஒண்ணும் கொண்டு வரல்லியே?